திரும்பி வரத்தான் காசு!

கோஸோ தீவுக்குப் போக டிக்கெட் கவுன்ட்டர் எங்கே என்று நான் துறைமுகத்தைச் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருக்க, கூட வந்த என் பள்ளிக்கூடச் சிநேகிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மால்டாவில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறவன்.

"மாப்ளே, போறதுக்கு டிக்கெட்டே கிடையாது. பேசாம ஏறு!"

"டேய், செக்கிங் வந்தா? வெளிநாட்டுல மானத்தை வாங்கிடாதே..."

"யாரும் வரமாட்டாங்க. திரும்பி வர்றப்பதான் காசு. தீவுக்குப் போனவன் எப்படியும் திரும்பி வந்துதானே ஆகணும்? நீந்தியா வரப் போறான்?"

நியாயம்தான். சக்கர வியூகத்துக்குள் அபிமன்யுவையும் இப்படித்தான் ஓசியில் விட்டிருப்பார்கள் என்று நினைத்தபடி ஏறி உட்கார்ந்தேன்.

மால்டா, இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் கிடக்கிற குட்டி நாடு. மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்தான். நம்ம சென்னை மாநகராட்சி அதைவிடப் பெரிசு! 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட இடம். அதனால் வண்டிகள் நம்மைப் போலவே இடது பக்கம் போகின்றன. இங்கிலீஷ் எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மால்டா பாஷை இருக்கிறதே... காதால் கேட்டால் அரபி மாதிரி, போர்டில் பார்த்தால் இங்கிலீஷ் எழுத்து!

சிர்கேவா துறைமுகத்திலிருந்து கோஸோவுக்கு 25 நிமிஷம். வழியில் கொமினோ என்று ஒரு பொட்டல் தீவு. அதன் ஓரத்தில் நீலம் கரைத்து ஊற்றிய மாதிரி தண்ணீர். அதில் மிதந்த படகுகளை எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். பண்டிகைக்கு முந்தின நாள் தி.நகர் மாதிரி இருந்தது.

"அங்கேதான் போறோமா?"

"அங்கே போனா மனுஷங்க முதுகைத்தான் பார்க்கலாம். நான் கூட்டிட்டுப் போறது வேற இடம்."

அந்த வேற இடத்தின் பெயர் சான் பிளாஸ். நதூர் என்ற ஊருக்குக் கீழே, மலைச்சரிவின் அடியில் ஒளிந்திருக்கிற ஒரு சின்ன மணல் திட்டு.

நதூரில் ஆளுக்கு இரண்டு பஸ்தீஸி வாங்கித் தின்றோம். பட்டாணி வைத்த பப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன். டீயோடு சாப்பிட்டால் ஆபீஸ் கேன்டீன் ஞாபகம் வரும். அப்புறம் ஆரம்பித்தது இறக்கம்.

இறக்கமா அது? சரிந்து கிடக்கிற சுவர், சார்! முட்டி இரண்டும் தனித்தனியாக மனு கொடுத்தன. பக்கத்தில் ஒரு ஜீப் நின்றது. ஏறுவதற்கு மட்டும் ஜீப், சில யூரோ நாணயம் கொடுத்தால் மேலே கொண்டுவந்து விடுவார்களாம். இறங்குவது இலவசம். இங்கேயும் அதே கதை!

ஆனால் வழியின் இரண்டு பக்கமும் பார்த்தபோது முட்டி வலி மறந்துபோனது. வெயிலில் காய்ந்த தீவில் இங்கே மட்டும் எலுமிச்சைத் தோட்டங்கள். காற்றுக்குத் தடுப்பாக ஆளுயர நாணல் வேலி. மேலே உள்ள சுண்ணாம்புப் பாறை மழைநீரைக் குடித்துக்கொள்கிறது. அதன் அடியில் உள்ள களிமண் அந்த நீரைக் கீழே விடாமல் தாங்குகிறது. அது ஊற்றாகக் கசிந்து வருகிற இடத்தில்தான் இந்தப் பச்சை.

கடைசித் திருப்பத்தில் தெரிந்தது மணல். மஞ்சள் இல்லை, வெள்ளை இல்லை... செங்கல் பொடியில் கொஞ்சம் மஞ்சள் தூள் கலந்த நிறம். பாறையில் இருக்கிற இரும்புச் சத்து செய்த வேலை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் ஒரு பீடி முடிவதற்குள் முடிந்துவிடும். நடுவில் சில பாறைகள். எங்களையும் சேர்த்து இருபது பேர்கூட இல்லை.

தண்ணீர்? கழுத்தளவில் நின்று குனிந்தால் கால் விரல் நகம் தெரிகிறது! மத்தியதரைக் கடலில் ஏற்ற வற்றம் அனேகமாகக் கிடையாது. அதனால் செருப்பைக் கரையில் விட்டால் அங்கேயே இருக்கும். வடக்குக் காற்று அடிக்கிற நாளில் மட்டும் இந்தப் பக்கம் இறங்கக் கூடாது. அப்புறம் ஜெல்லி மீன். "கரையில எல்லாரும் உட்கார்ந்திருக்க, தண்ணியில ஒருத்தர்கூட இல்லைன்னா நீ மட்டும் வீரனாகாதே" என்பது சிநேகிதனின் புத்திமதி.

ஆபீஸ் நண்பர்கள் கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். பதில்: இல்லை, சார். ஊறிப்போன கத்தோலிக்க நாடு. அந்த மாதிரிக் குளியலுக்குச் சட்டத்திலேயே தடை. பேசாமல் ஃபைலைப் பாருங்கள்.

கரையேறித் துவட்டிக்கொண்டபோது தான் குன்றின் மேல் ஒரு சதுரக் கல் கோபுரத்தைக் கவனித்தேன். பக்கத்துத் தோட்டத்துக் கல் சுவரில் ஒரு பெரியவர் உட்கார்ந்து எலுமிச்சம்பழங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்கே, லைட் ஹவுஸா ஐயா?" என்றேன்.

"அழகுக்குக் கட்டினது இல்லே. பயத்துல கட்டினது" என்றார்.

அவர் சொன்ன கதையைக் கேட்ட பிறகு அந்த மணலை நான் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

இந்தத் தீவுகளின் கரை பெரும்பாலும் செங்குத்துப் பாறை. படகு ஒதுங்க முடியாது. மணல் இருந்தால்தான் ஒதுங்கலாம். நமக்கு மணல் என்றால் பிக்னிக். அவர்களுக்கு மணல் என்றால் தாழ்ப்பாள் இல்லாத கதவு! கடல் கொள்ளையர்கள் வந்து ஆட்களைப் பிடித்துப்போய் அடிமைச் சந்தையில் விற்றார்கள்.

1551-ஆம் வருஷம் ஜூலையில் துர்குத், சினான் பாஷா என்ற இரண்டு தளபதிகள் துருக்கியக் கப்பல் படையோடு வந்தார்கள். கோஸோ ஜனங்கள் மொத்தப் பேரும் நடுவிலிருந்த கோட்டைக்குள் ஓடினார்கள். கோட்டை சில நாள்தான் தாங்கியது. சுமார் 5,000 பேர்... அனேகமாகத் தீவின் முழு ஜனத்தொகையும், கப்பலில் ஏற்றப்பட்டு லிபியாக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. மனைவியும் இரண்டு பெண்களும் அடிமைகளாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், பெர்னார்டோ என்ற சிப்பாய் தன் கையாலேயே அவர்களைக் கொன்றுவிட்டுச் சண்டையில் இறங்கிச் செத்தான் என்கிறார்கள். கோட்டைக்குள் இன்றும் அவன் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

போனவர்களில் மீட்புப் பணம் கட்ட முடிந்த சிலர் மட்டும் திரும்பினார்கள். மற்றவர்கள் அங்கேயே.

திரும்பி வரத்தான் காசு!

காலையில் சிரித்த அதே வாக்கியம். இப்போது சிரிப்பு வரவில்லை. சிநேகிதனும் எதுவும் பேசாமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் தீவில் குடியேறியவர்கள் 1637 வரை ராத்திரி ஆனால் கோட்டைக்குள் வந்து படுக்க வேண்டும் என்பது சட்டம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பயம் போகவில்லை. நதூர்க்காரர்கள் 1667-ல் இந்தக் கோபுரத்தைக் கட்டினார்கள். நதூர் என்ற பெயருக்கே கண்காணிக்கிற இடம் என்றுதான் அர்த்தமாம். பக்கத்து ரம்லா கடற்கரையில் படகு ஒதுங்க முடியாதபடி தண்ணீருக்கு அடியிலேயே சுவர் கட்டியிருக்கிறார்கள். அதே ரம்லாவுக்கு மேலே ஒரு குகை. ஹோமரின் காவியத்தில் ஒடிஸியஸை ஏழு வருஷம் பிடித்து வைத்த கலிப்ஸோ தேவதை வசித்தது அங்கேதான் என்று ஊரில் சொல்கிறார்கள். சாகா வரமே தருகிறேன் என்றாளாம். வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்றானாம் அவன்.

"கொள்ளைக்காரன் பயம்தான் போயிடுச்சே. பாதையை அகலமாக்கி பஸ் விட்டா உங்க எலுமிச்சை நல்லா விற்குமே, ஐயா?" என்றேன், பெரிய ஆலோசகர் மாதிரி.

பெரியவர் கூடையைக் கீழே வைத்தார்.

"வர்ற வழியில கொமினோவைப் பார்த்தீங்களா?"

பார்த்தேனே! நெரிசல் தாங்காமல் 2025-ல் அங்கே முன்பதிவு செய்து கையில் பட்டை கட்டிக்கொண்டு இறங்கச் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

"அந்தக் காலத்துல எங்களைக் காப்பாத்த அந்தக் கோபுரம். இப்போ இந்த மணலைக் காப்பாத்துறது இந்த மேடு ஒண்ணுதான். இது சுலபமாயிட்டா எல்லாம் போச்சு."

ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தார். காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

ஜீப் எங்களுக்காக ஹார்ன் அடித்தது. "வேணாம், நடந்தே ஏறிடலாம்" என்றேன். சிநேகிதன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பாதி வழியில் நாக்கு தள்ளிவிட்டது. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை திரும்பிப் பார்த்தபோதும் அந்தச் செம்மணல் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் நாணல் வேலிக்குப் பின்னால் மறைந்தது.

சாயங்காலம் துறைமுகத்துக் கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கினேன். 4 யூரோ 65 சென்ட். வெளிநாட்டில் எதை வாங்கினாலும் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள் நான்.

அன்றைக்கு மட்டும் பெருக்கிப் பார்க்கவில்லை.