கட்டு கைமாறுகிறது

காலை பத்தரை மணி. ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தின் கீழ்த்தள வராந்தாவில் மின்விசிறி கிடையாது. ஆனாலும் கறுப்புக் கோட்டுகள் அத்தனையும் அங்கேதான் நிற்கின்றன. உள்ளே விபத்து வழக்குகள் நடக்கின்றன. டவாலி வாசலில் நின்று நம்பரும் பெயருமாகக் கூப்பிட, கூப்பிடப்பட்டவர்கள் உள்ளே போன வேகத்தில் அடுத்த வாய்தா தேதியோடு வெளியே வருகிறார்கள்.

தூணோரம் ஓர் அம்மாள் நிற்கிறார், அறுபதைத் தாண்டியவர், கையில் மஞ்சப்பை. பக்கத்தில் தங்கச்சி மகன். பனியன் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் மணியை மணியைப் பார்க்கிறான். அவர்கள் பேச்சிலிருந்து கதை விளங்குகிறது. புருஷன் லாரி மோதி இறந்து நாலு வருஷம். வழக்கு நடக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். வக்கீலைக் கோர்ட்டில் பார்ப்பது அபூர்வம், ஜூனியர் வந்து வாய்தா வாங்கிப்போவார். அதனால் இப்போது வேறு வக்கீல். அதற்குப் பழையவரிடம் இருக்கும் கட்டு வேண்டும், புது வக்காலத்தில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று அவர் கையெழுத்தும் வேண்டும்.

கட்டு, குமாஸ்தாவின் கக்கத்தில் இருக்கிறது.

“எங்கியும் போயிராதும்மா. ஐயாவுக்கு ஃபீஸ் பாக்கி இருக்குதில்ல? குடுத்துட்டு வாங்கிக்குங்க.”

“ஜெயிச்சா நூத்துக்கு இருபதுன்னுதானுங்க சாமி பேசுனது. இன்னும் ஜெயிக்கவே இல்லியே, பாக்கி எப்படிங்க வரும்?”

குமாஸ்தாவிடம் பதில் இல்லை. டைப்பிங், ஸ்டாம்பு, நகல் செலவு என்று விரல் மடக்குகிறார். அந்த அம்மாள் கேட்டதைவிடக் கூர்மையாக எந்தப் பார் கவுன்சிலும் கேட்டுவிட முடியாது. வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் பேசக்கூடாது, வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகர் 97,100 ரூபாய் பாக்கிக்காக வங்கியின் கட்டுகளைத் தர மறுத்த வழக்கு அது. பார் கவுன்சில் அவரைப் பதினெட்டு மாதம் தொழிலிலிருந்து விலக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் ஒழுங்கீனம் என்பதை உறுதிசெய்துவிட்டு, தண்டனையைக் கண்டனமாகக் குறைத்தது. அந்தக் குறைப்பை மட்டும் தொழில் நன்றாக நினைவில் வைத்திருக்கிறதோ என்னவோ.

வராந்தாவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வேறொரு காட்சி. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வயதான வக்கீல், காலர் பட்டை பழுப்பேறியிருக்கிறது. எதிரே வெள்ளை வேட்டிக்காரர் நீட்டிய பத்திரத்தை இரண்டு பக்கம் புரட்டியவர், மடித்துத் திருப்பித் தருகிறார். “இதே பாகத்துக்கு உங்கண்ணன் போன வருஷம் யோசனை கேட்டு வந்தாருங்க. கேஸ் குடுக்கல, ஆனா சொல்றதையெல்லாம் சொல்லிட்டேன். உங்களுக்கு நான் வர முடியாதுங்க.” மேஜைமேல் இருந்த அட்வான்ஸ் கவரும் திரும்பிப்போகிறது. ஜூனியர் பையனின் பார்வை அந்தக் கவரோடு கேட்டுவரை போய்த் திரும்புகிறது.

வராந்தாவில் புது வக்கீல் வந்துவிட்டார். இஸ்திரி கலையாத கோட்டு, பணிவான பேச்சு. பழையவர் சம்மதம் இல்லாமல் வக்காலத்து போடமாட்டாராம், தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதாம். உண்மைதான், விதி அப்படித்தான் சொல்கிறது. சம்மதம் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. அந்தப் பின்பாதி அவர் வாயில் வரவில்லை. சக வக்கீலுக்குக் காட்டவேண்டிய மரியாதையை இந்த வராந்தா ஒரு நாளும் தவறவிடுவதில்லை. கட்சிக்காரருக்குக் காட்டவேண்டியதுதான் ஆளைப் பொறுத்து மாறுகிறது.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. நாலு கதவு தள்ளி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் போர்டு தொங்குகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் உண்டு. போர்டுக்குக் கீழே யாரோ ஸ்கூட்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பதினொன்றே முக்காலுக்குப் பழைய வக்கீல் காரிலிருந்து இறங்கினார். இரண்டு கோட்டுகளும் டீக்கடைப் பக்கம் நகர்ந்தன. முதலில் சிரிப்புச் சத்தம், பிறகு தணிந்த குரல். “நம்மளுது…” என்பதும் “அதுக்கென்னண்ணே, நான் பாத்துக்கறேன்” என்பதும் மட்டும் காதில் விழுந்தன. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கார் பானெட்டின் மேலேயே கையெழுத்தானது. காலையெல்லாம் நகராத காரியம் டீ ஆறுவதற்குள் முடிந்தது. அம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“முடிஞ்சுதுங்கம்மா. இனி நீங்க அலைய வேண்டாம்.”

“எவ்வளவுங்க சார் ஆகும்?” தங்கச்சி மகன்தான் கேட்டான்.

“அதெல்லாம் ஜெயிச்சப்புறம் பேசிக்கலாம் தம்பி.”

“பெரியம்மா, அந்த இருபது இவருக்கா அவருக்கா? இல்ல ரெண்டு பேருக்கும் தனித்தனியா?”

“செத்த சும்மா இரு கண்ணு.” அம்மாள் வக்காலத்தில் காட்டிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பெயர் எழுதினார்.

பையன் சும்மா இருக்கவில்லை. கைக்கு வந்த கட்டைப் பிரித்துக் காகிதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். எஃப்ஐஆர் நகல் இருந்தது, பிரேதப் பரிசோதனை அறிக்கை இருந்தது.

“வாரிசுச் சான்றிதழக் காணோமே?”

“அது ஆபீஸ்ல இருக்கும் தம்பி,” என்றார் குமாஸ்தா. “டைப்பிங் செலவு மட்டும் எடுத்துட்டு நாளைக்கு வாங்க, தர்றேன்.”