கொஸ்லந்த மலைச் சரிவில் முதியோர் நடை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, பெரகலைச் சந்தியைக் கடந்ததும் ஊவாவின் தென்சரிவில் வளைந்து வளைந்து இறங்கத் தொடங்குகிறது. இடப்புறம் மலை, வலப்புறம் தாழ்நிலம் தொடுவானம் வரை விரிந்து கிடக்கும் பள்ளம். அந்த இறக்கத்தின் நடுவே அமைந்த சிறு கடைவீதிதான் கொஸ்லந்த. அங்கிருந்து வெல்லவாயப் பக்கம் சில கல் தொலைவு சென்றால், 220 மீற்றர் உயரத்திலிருந்து பாறையில் வெண்பட்டு விரித்தாற்போல் விழும் தியலும நீர்வீழ்ச்சியைச் சாலையோரத்திலிருந்தே காணலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கு குடும்பம் குடும்பமாக வண்டிகள் வந்து நிற்கும். இளைஞர்கள் தோட்டத்துப் பாதையில் ஏறி, அருவியின் தலைமாட்டிலுள்ள சுனைகளைக் காணப் புறப்படுவர். பெரியவர்களோ வண்டியிலேயே அமர்ந்து, கண்ணாடி வழியே பார்த்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றை உண்டு திரும்புவர். ஐம்பது வயதானவரும் எண்பது வயதானவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான் வேடிக்கை! அருவித் தலைக்கு ஏறுவது எல்லோர்க்கும் இயலாது. ஏற வேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. ஆயினும் தேயிலைக்கு நடுவே செல்லும் பாதையில் அரைக் கல் தூரம் நடந்து வருவதற்கு என்ன தடை?

பட்டணத்தார் கதை இதுவென்றால், தோட்டத்தார் கதை வேறு. விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, தலையில் கயிறிட்டுக் கூடை சுமந்து, செங்குத்தான மலையில் நாளெல்லாம் ஏறியிறங்கிய பெண்ணுக்கு உடற்பயிற்சியைப் பற்றி எவர் உபதேசிக்க முடியும்? சுமையோடு செய்த அவ்வேலை முழங்காலையும் இடுப்பையும் தேய்த்துவிட்டது என்பதும் மெய். ஆனால் வேலையிலிருந்து பெயர் நின்ற மறுநாளே அந்தக் கால்களின் நடையும் நின்றுவிடுகிறது. லயத்து வாசலில் ஒரு பலகை, கையில் தேநீர்க் கோப்பை. "அம்மாயி, நீங்க இருங்க, நான் கொண்டாறேன்" என்று பேரன் ஓடுகிறான். அன்பினால் சொல்லும் சொல்தான். எனினும், நாற்பது ஆண்டு மலையேறிய கால் சும்மா இருந்தால் சில மாதங்களிலேயே தசை மெலிந்து தள்ளாடத் தொடங்குகிறது. மரியாதை என்று எண்ணி நாம் முதியோரை முடமாக்குகிறோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

நடையின் பயனை வைத்திய உலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1953ஆம் ஆண்டில் ஜெரமி மொரிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இலண்டன் நகர இரட்டைத் தட்டுப் பஸ்களில் பணிபுரிந்தோரை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். ஆசனத்தை விட்டு எழாத சாரதிகளைவிட, நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறியிறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே இருந்தது. 1910இல் பிறந்த மொரிஸ் 2009 வரை, 99 வயது வாழ்ந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமென்று கேட்டு மலைப்போரும் உளர். அந்தக் கணக்கு 1960களில் ஜப்பானில் விற்பனையான ஓர் அடியளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், எழுபது வயதையொட்டிய பெண்கள் நாளுக்கு 4,400 அடி நடந்தபோதே நற்பலன் தெரிந்தது. 7,500 அடிக்குமேல் அப்பலன் பெரிதாகக் கூடவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரைப்படி வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியாது மூச்சு வாங்க வேண்டும், அதுவே மிதம். அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளேனும் தசை வலுவுக்கும் உடற் சமநிலைக்கும் உரிய பயிற்சி செய்தல் வேண்டும். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பதும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்தமர்வதும் போதுமான தொடக்கம். மலைநாட்டில் ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலுக்குச் சோதனை. ஆகவே கையில் தடியும், குறுக்கு வழியை விட்டு வளைந்து செல்லும் பாதையும் நலம். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ உடையவர்கள் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குக.

கொஸ்லந்தவில் கால்வலுவுக்கு இன்னொரு தேவையும் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்கள் பல மண்ணுள் மறைந்தன. அபாயம் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும் மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தப்படாததே அத்துயரின் காரணம். கால் நடக்காதது அன்று. அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. எனினும் இந்தச் சரிவுகளில் ஐப்பசி, கார்த்திகை மழை இன்றும் அச்சம் தருவதே. ஒரு நாளில் 150 மில்லிமீற்றரோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரோ மழை பெய்தால் உடனே வெளியேற வேண்டுமென்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் விதி. நள்ளிரவில் அந்த அறிவிப்பு வந்தால், இருட்டில், வழுக்கும் படிகளில், அம்மாயியை யார் தூக்குவது?

மழையில்லாத மாலைகளில் பேரப்பிள்ளைகள் அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லட்டும். வெளியேறும் நாளில் கூடவேண்டிய இடமென்று எது குறிக்கப்பட்டிருக்கிறதோ, பள்ளிக்கூடமாயினும் கோயிலாயினும், அதுவரை நடந்து திரும்பட்டும். முதல் நாள் பாதி வழியில் உட்கார்ந்துவிடக்கூடும்; பாதகமில்லை. எத்தனை நிமிடம் ஆகிறதென்று ஒரு பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைக்கட்டும்.