விடிந்த பின்னும் மேற்கே!

ஞாயிற்றை வணங்குவோர் நாட்டிலே ஏராளம். அது நகரும் வழியை நின்று நோக்குவோர் எத்தனை பேர்? பழவேற்காட்டு ஏரிக்கரையில், மீனவர் குப்பம் ஒன்றின் படிப்பகத்திலே பிறந்த கேள்வி இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வீசிற்று. மின்சாரம் நின்றது, படிப்பகம் இருண்டது, பிள்ளைகள் ஏட்டை மூடினர். இனியும் மூடலாகாது என்று கூரையிலே சூரியத் தகடு ஒன்றை ஏற்றினோம். ஆனால் பூமியோ மணிக்கு 15 பாகை சுழல்கிறது. தகடோ அசையாது கிடக்கிறது. மின்கலம் நிறையவில்லை, இரவு ஒன்பதுக்குள் விளக்கு மங்கிற்று. ஞாயிறு நமக்காக நிற்காது. தகட்டைத் திருப்புவோம் என்று துணிந்தோம்.

பெரிய வித்தை அன்று, தோழர்களே! ஒளி பட்டால் மின்தடை குறையும் உணரிகள் இரண்டு. அவற்றின் நடுவே சிறு தடுப்பு. ஞாயிறு மேற்கே சாய்ந்தால் தடுப்பின் நிழல் கிழக்குக் கண்ணின்மேல் விழும். இரு கண்களின் மின்னழுத்தத்தையும் ஒப்பீட்டுச் சில்லு எடைபோடும். டிரான்சிஸ்டர் ரிலேயை இயக்கும். மோட்டார் தகட்டை மேற்கே திருப்பும். இருபுறமும் ஒளி சமமானதும் ரிலே ஓய்ந்துவிடும். கிழக்கே திரும்ப மற்றொரு ரிலே. ரிலேச் சுருளுக்குக் குறுக்கே டயோடு வைக்க மறந்து, இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கருக்கிய பின்பே பாடம் கற்றோம்.

விளக்கு பத்தரை வரை எரிந்தது. பிள்ளைகள் படித்தனர். நாம் பூரித்தோம்.

சில திங்கள் சென்றன. ஒருநாள் காலை, ஞாயிறு கடல்மேல் எழுந்துவிட்டது. தகடோ மேற்கையே வெறித்து நின்றது! "பகவானுக்கே கயிறு கட்டப் பார்த்தீர்கள், கோபம் வராதா?" என்றார் பெரியவர் ஒருவர். கற்பூரம் ஏற்றச் சொன்னார். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா எல்-1, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவு சென்று அந்த ஞாயிற்றை ஆராய நிலைகொண்டதே, அதன்மேல் வராத கோபமா எம் தகட்டின்மேல் வந்தது என்று கேட்டோம். கேட்டோமே தவிரக் காரணம் கண்டோமா? இல்லை. ரிலேயைக் கழற்றினோம், மோட்டாரைப் பிரித்தோம், வீம்பாக வாதாடினோம்.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார் ஒரு மூதாட்டி. "ஏன் தம்பி, அந்தக் கிழக்குப் பக்கத்துக் கண்ணு உப்புப் பூத்துக் கெடக்கே, அது எப்படிப் பாக்கும்?" என்றார்.

கடற்காற்று கொணர்ந்த உப்பு! ஈரத்துணியால் துடைத்தோம். ரிலே 'டக்' என்றது. தகடு கிழக்கே திரும்பிற்று. நாம் தலை குனிந்தோம்.

பள்ளிப்படி மிதியாத அந்த அம்மையார் செய்ததன்றோ பகுத்தறிவு! பெரியவர் சினத்தைக் கண்டார். நாம் செருக்கைக் காட்டினோம். அவர் ஒருவரே காரணத்தைத் தேடினார். மறுப்பது பாதி வேலை, காண்பதே மீதி.

விடிந்த பின்னும் நேற்றைய அந்தியையே பார்த்து நிற்பது அந்தத் தகடு மட்டுமா? சாதி என்றும், விதி என்றும் உப்புப் பூத்த கண்கள் நம்மிலே எத்தனை! சினந்து பயனில்லை, துடைக்க வேண்டும். பிறர் கண்ணை மட்டுமன்று, நம் கண்ணையும்.

இன்று அந்தக் குப்பத்துச் சிறுமி ஒருத்தி, வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, இரண்டு கண்களையும் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறாள்.