பிறையும் பற்சக்கரமும்

எம் வாப்பா தம் கைக்கடிகாரத்தில் தேதியைத் திருத்தும் காட்சி இன்றும் நம் கண்ணில் நிற்கிறது. அந்தக் கடிகாரத்திற்கு எல்லா மாதங்களும் 31 நாட்களே. 30 நாட்களோடு ஒரு மாதம் முடிந்துவிட்டால், மறுநாள் ஸுபுஹுத் தொழுகை முடித்து வந்து, சாவியை வெளியே இழுத்துத் தேதியைத் தள்ளி வைப்பார். அது ஆங்கிலத் தேதி. பிறைத் தேதியை மட்டும் அவர் எந்தக் கருவியிடமும் ஒப்படைத்ததில்லை. 29-ஆம் நாள் மஃரிபுக்குப் பின் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்ப்பார். பிறை தெரிந்தாலோ, பள்ளிவாசலிலிருந்து செய்தி வந்தாலோ, சுவர் நாட்காட்டியில் பென்சிலால் 1 என்று எழுதுவார்.

அந்தப் பென்சிலின் வேலையைப் பற்சக்கரங்களே செய்யும்படி ஒரு கைக்கடிகாரம் வந்துள்ளது என்று அறிந்தபோது, வியப்போடு சிறு கலக்கமும் நமக்கு உண்டாயிற்று.

சுவிட்சர்லாந்தில் ஃப்ளூரியே என்னும் சிற்றூர் கடிகாரத் தொழிலுக்குப் பெயர் போனது. மிஷேல் பார்மிஜியானி என்னும் கலைஞர் 1996-இல் தம் பெயரால் ஒரு நிறுவனத்தை அங்கே தொடங்கினார். பழங்காலக் கடிகாரங்களைச் செப்பனிடுவதில் கைதேர்ந்தவர் அவர். இஸ்லாமிய நாட்காட்டி கொண்ட பழைய பைக்கடிகாரம் ஒன்று அவரிடம் செப்பனிட வந்தது. அதிலிருந்து பிறந்த ஆர்வம் 2011-இல் ஹிஜ்ரி நாட்காட்டி கொண்ட மேசைக் கடிகாரமாயிற்று. பின்னர் கைக்கடிகாரமாகவும் உருப்பெற்றது. 2020-ஆம் ஆண்டு ஜெனீவாவில் வழங்கப்பெற்ற கடிகாரக் கலைப் பரிசுகளுள் புதுமைக்கான பரிசு அதற்கே கிடைத்தது. அதன் கூடு தங்கத்தாலன்றிப் பிளாட்டினத்தால் ஆனது. விலையோ நம்மைப் போன்றோர் கேட்டுவிட்டு நகரும் விலை. ஆயினும் அதனுள் இருக்கும் கணக்கு எவருக்கும் பொதுவானது, அதைப் பார்ப்போம்.

ஆங்கில மாதங்களை நினைவில் வைக்கும் விலையுயர்ந்த கடிகாரங்கள் முன்பே உண்டு. அவற்றில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை சுழலும் சக்கரம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் 48 மாதங்களுக்கும் இடம் உண்டு. மாதம் குறுகியதாயின் விளிம்பில் பள்ளம் ஆழமாகும். அதைத் தடவிச் செல்லும் நெம்புகோல் பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டு மாதத்தின் நீளத்தை அறிந்து, தேதியை உரிய நேரத்தில் 1-க்குத் தாவச் செய்யும். இந்தச் சக்கரம் நம் மாதங்களுக்கு உதவாது.

சந்திர மாதத்தின் சராசரி நீளம் 29 நாள், 12 மணி, 44 நிமிடம். 30, 29 என மாதங்களை மாற்றி மாற்றி வைத்தால் அந்த 12 மணி நேரம் சரியாகிவிடும். எஞ்சுவது 44 நிமிடங்கள். நிலவின் வடிவைக் காட்டும் சாதாரணக் கடிகாரங்கள் 59 பற்கள் கொண்ட சக்கரத்தால் இரு மாதங்களை ஓட்டிவிட்டு, இந்த 44 நிமிடங்களைக் கண்டுகொள்ளாமல் விடும். ஏறத்தாழ 2 ஆண்டு 8 மாதங்களில் அது ஒரு முழு நாள் பிழையாகிவிடும். அலங்காரத்திற்கு அது போதும், நாட்காட்டிக்குப் போதாது.

இனி ஒரு பெருக்கல். 30 ஆண்டுகளுக்கு 360 மாதங்கள். 360 முறை 44 நிமிடங்கள் என்றால் 15,840 நிமிடங்கள். அதாவது 264 மணி நேரம். அதாவது சரியாக 11 நாட்கள்! ஆகவே 30 ஆண்டுகளில் 19 ஆண்டுகளுக்கு 354 நாட்களும், 11 ஆண்டுகளுக்கு 355 நாட்களும் வைத்தனர் நம் முன்னோர். கூடுதல் நாள் துல்ஹஜ் மாதத்தின் இறுதியில் சேரும். மொத்தம் 10,631 நாட்கள். இந்த 30 ஆண்டுச் சுற்றையே அந்தக் கைக்கடிகாரம் தன் சக்கரங்களில் சுமக்கிறது.

பிறையைப் பற்சக்கரத்தில் ஏற்றும் கலை நம் முன்னோருக்கும் புதிதன்று. சந்திரனின் நிலையைப் பற்சக்கரங்களால் காட்டும் கருவியை அல்பிரூனி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விவரித்துள்ளார். இஸ்ஃபஹான் நகரத்து முஹம்மது இப்னு அபீ பக்ர் 1221-22-இல் செய்த அஸ்தர்லாபின் பின்புறத்தில் நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டும் பற்சக்கரங்கள் இன்றும் உள்ளன. ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் அது காக்கப்படுகிறது.

பெருமை ஒருபுறம் இருக்க, நம் கலக்கத்தின் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். வாப்பா மௌத்தான பின் ஓராண்டு எம் குடும்பத்தில் இரண்டு பெருநாட்கள் வந்தன. காக்கா அச்சிட்ட கணக்கை நம்பினார். நாம் பிறைச் செய்திக்குக் காத்திருந்தோம். அவர் வீட்டில் பெருநாள் சோறு மணத்தபோது எம் வீட்டில் நோன்பு. எங்கள் உம்மா எந்த வீட்டிலும் உண்ணாமல், இரண்டு பக்கமும் பேசாமல், முஸல்லாவிலேயே அமர்ந்திருந்தார்கள். அந்த மௌனம் இன்றும் நம்மைச் சுடுகிறது.

எது சரி என்று தீர்ப்பளிப்பது ஆலிம்களின் பணி, நம் பணியன்று. ஆனால் கணக்கு சொல்வது சராசரியை என்பதை மறக்கலாகாது. கணக்கில் 30-ம் 29-ம் மாறி மாறி வரும். வானத்திலோ அடுத்தடுத்த இரு மாதங்கள் 30 நாட்களாவதும் உண்டு, 29 நாட்களாவதும் உண்டு. 30 ஆண்டுக் கணக்கில் பொய்யில்லை. இன்றைய மாலையைப் பற்றிய சாட்சியம் மட்டும் அதனிடம் இல்லை.

இதைக் கடிகாரம் செய்வோரும் அறிந்தே இருக்கின்றனர் போலும். நிரந்தர நாட்காட்டி என்று பெயர் பெற்ற கைக்கடிகாரங்கள் பலவற்றின் பக்கவாட்டில் தேதியைத் திருத்தும் சிறு அழுத்திகள் உண்டு. பெரும்பாலானவற்றில் தேதியை முன்னே தள்ளலாம். பின்னே இழுக்க முடியாது. தேதி உண்மையான நாளை முந்திவிட்டால் ஒரே வழிதான்: கடிகாரத்தை நிறுத்திவிட்டு, அந்த நாள் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும்.

இதைப் படித்த அன்று காக்காவை நினைத்துக்கொண்டோம். அத்தனை விலையுள்ள பொறியே முந்திக்கொண்டால் நின்று காத்திருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவருக்காக ஒருவர் ஒரு நாள் காத்திருந்தால் குறைந்தா போய்விடுவோம்? வரும் 29-ஆம் நாள் மாலை அவரை எம் வீட்டு மொட்டை மாடிக்கு அழைக்க எண்ணியிருக்கிறோம். வாப்பாவின் பழைய கடிகாரம் நம் கையில் இருக்கும். பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இருவரும் ஒரே திசையைப் பார்த்து நிற்போம், இன்ஷா அல்லாஹ்.