கப்பன் துரையின் இருபத்தேழு ஆண்டுகள்

அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, அங்கே வட்டந்தோறும் மக்கள் வாக்களித்து அமர்த்தும் ‘ஷெரிப்’ என்னும் அதிகாரியைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலர் அப்பதவியில் இருபது, முப்பது ஆண்டுகள் கூட நிலைத்துவிடுவர். வரி தண்டுதல், அமைதி காத்தல், குற்றவாளியைப் பிடித்து நிறுத்துதல் ஆகிய மூன்றும் அப்பதவியின் பழைய இங்கிலாந்துப் பொறுப்புகள். நம் ஊர் மணியகாரரையும் தலையாரியையும் ஒருவராக்கினாற் போல. சென்னையிலும் ஷெரிப் பதவி இருந்ததுண்டு. அது பிற்காலத்தில் ஓராண்டு அணிந்து கழற்றும் மாலையாகத் தேய்ந்து, 1998இல் மறைந்தது.

பெங்களூரில் அப்படியொரு பதவி இருந்ததில்லை. ஆனால் வரியும் வழக்கும் காவலும் சாலையும் ஒருவர் கையிலேயே 27 ஆண்டுகள் இருந்த காலம் இங்கே உண்டு. அவர் பெயரை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். கப்பன் பூங்கா 1870இல் அமைக்கப்பட்டது. மார்க் கப்பனோ அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். 1927இல் அதற்குச் சாமராஜேந்திரர் பெயர் சூட்டப்பட்டது. இருந்தும் மக்கள் வாயில் கப்பனே நின்றார்.

அவர் இலண்டன் நகரத்தவர் அல்லர். மேன் தீவில் மாகோல்ட் என்னும் சிற்றூர்ப் பாதிரியாரின் மகன். 1800ஆம் ஆண்டில் சென்னைப் படையில் சேர இளைஞராகக் கப்பலேறி வந்தார். 1830இல் மைசூர்ச் சீமையின் நகர் பகுதியில் குடியானவர் கிளர்ச்சி மூண்டது. அதைக் காரணங்காட்டிப் பெண்டிங்க் பிரபு 1831இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆட்சியைப் பறித்தார். கிளர்ச்சியை ஆராய்ந்த குழுவில் கப்பனும் ஒருவர். 1834இல் அவரே தனி ஆணையரானார். உடையாரிடமிருந்து நாட்டைப் பறித்தது நீதியன்று என்பதே என் கருத்து. அந்த அநீதியின் மேல் அமர்ந்தவர் எப்படி ஆண்டார் என்பது வேறு கேள்வி.

அவர் நீக்கிய சில்லறை வரிகளின் எண்ணிக்கை 769. திருமணத்துக்கு வரி, குழந்தை பிறந்தால் வரி, அதற்குப் பெயரிட்டால் வரி, முடியிறக்கினாலும் வரி. ஒரு பாளையக்காரரின் காணாமற்போன குதிரையைத் தம் முன்னோர் தேடிப் பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் ஊரார் தலைமுறை தலைமுறையாக வரி செலுத்தி வந்தனராம். நகர் பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கைகளை உடலோடு ஒட்டிக்கொள்ளாமல் கடப்பவரும் பணம் கட்ட வேண்டும்! சிரிப்பாக இருக்கிறது, கட்டியவர்க்கு அது சிரிப்பாக இருந்திராது. புதிதாக ஒன்றைக் கட்டி எழுப்பிய அதிகாரிகளைப் புகழ்வதே நம் வழக்கம். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் களைந்தவரின் உழைப்பு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கட்டவும் செய்தார். அவர் காலத்தில் சுமார் 1600 மைல் சாலைகளும் 300க்கு மேற்பட்ட பாலங்களும் அமைந்தன. தாலுகாவில் வரியும் காவலும் பார்த்த அமில்தார்களை அவர் அகற்றவில்லை. பழைய அமைப்பின் மேலேயே தம் ஆட்சியை நடத்தினார். அதன் குறை, எல்லாம் அவர் ஒருவரிடமே வந்து முடிந்தது. 1855இல் இங்கு வந்த டல்ஹௌசி பிரபு, ஒருவரையே நம்பி நிற்கும் ஆட்சி நெடுநாள் செல்லாதெனக் கண்டார். மறு ஆண்டே நீதிக்கென்று தனி ஆணையர் அமர்த்தப்பட்டார். கப்பனுக்குப் பின் வந்த பௌரிங் துறைகளையும் மாவட்டங்களையும் பிரித்து ஒழுங்குபடுத்தினார். டல்ஹௌசியின் கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லை. இதில் மட்டும் அவர் கண்டது சரியே.

1860இல் மைசூரைச் சென்னை அரசின் மேற்பார்வையில் வைக்க ஆணை பிறந்தது. சென்னைப் படையிலேயே வளர்ந்த கப்பன் அதை எதிர்த்து, பதவி விலகவும் முன்வந்தார். ஆட்சியிழந்த உடையாரும் அதையே எதிர்த்தார். ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிழைக்க வந்த நாட்டுக்காக, தம்மை வளர்த்த மாகாணத்தோடு ஒருவர் முரண்பட நேர்ந்த நிகழ்ச்சி இது. நம்மவர் இங்கே இதை இருமுறை படிக்க வேண்டும்.

என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக அல்சூருக்கு வந்தவர். அந்த இருப்புப் பாதை 1864இல் திறக்கப்பட்டது. அவர் இறுதிவரை, “அடுத்த அறுவடைக்கு ஊருக்குப் போய்விடுவோம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு வீடும் கட்டினார்; அதில் எங்களில் ஒருவரும் ஓரிரவுக்கு மேல் தங்கியதில்லை. அவர் பெயர்த்திகளுக்கு இன்று தமிழினும் கன்னடம் சரளமாக வருகிறது. அதைக் குறையாகச் சொல்லும் முதியவர்களோடு எனக்கு வழக்குண்டு. தமிழை விட்டுவிடும் இளையவர்களோடும் உண்டு.

கப்பனும் அறுபது ஆண்டுகள் தாயகம் திரும்பவில்லை, மணம் செய்துகொள்ளவுமில்லை. கோடையில் நந்தி மலையில் தாம் கட்டிய வீட்டுக்குச் செல்வார். அது இன்றும் இருக்கிறது. 1861இன் தொடக்கத்தில் உடல் நலிந்து பதவி விலகி, முதன்முறையாக ஊர் நோக்கிக் கப்பலேறினார். ஏப்ரல் மாதம், பாதி வழியில், சூயஸில் உயிர் பிரிந்தது. மாகோல்டுக்குச் சென்றது அவர் உடல் மட்டுமே.

மரோசெட்டி என்னும் சிற்பி வடித்த அவரது குதிரைவீரர் சிலை முதலில் பரேடு மைதானத்தில் நின்றது. பின்னர் உயர் நீதிமன்றத்தின் முன் நெடுங்காலம் நின்றது. 2020இல் பூங்காவுக்குள்ளேயே பெயர்க்கப்பட்டது. ஞாயிறு மாலைகளில் அங்கே ஆடும் குழந்தைகளிடம் குதிரை மேல் இருப்பவர் யாரென்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வோர் அரசர் பெயரைச் சொல்லும்.