தமிழில் கட்டடப் பொறியியல் – சில எண்ணங்கள்

தமிழ் இலக்கியம் படித்து, கல்லூரியில் தமிழே கற்பித்துவரும் நமக்குக் கட்டடப் பொறியியலில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நமது வேலை சொற்களோடு மட்டுமே என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பத்து மாணவி ஒருவர் இரண்டு பாடநூல்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஐயா, இதுவும் தமிழ்தானே, எனக்கு ஏன் புரியவில்லை?" என்று கேட்டார். அன்று தொடங்கிய ஆர்வம் இது.

2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டு அது. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆரணியை அடுத்த தச்சூரிலும் அப்பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று உண்டு. தச்சர் ஊர் என்று பொருள் கொள்ளத்தக்க பெயருடைய ஊரில் கட்டடக் கலை கற்பிக்கும் கல்லூரி அமைந்த பொருத்தத்தை எண்ணி நாம் மகிழ்ந்ததுண்டு.

அந்த மாணவியைத் திகைக்க வைத்த முதற்சொல் 'திரிபு'. ஒரு கம்பியை இழுத்தால் அது நீள்கிறது. நீண்ட அளவை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. இழுக்கும் விசையைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்களைப் பள்ளியிலேயே படித்தவர் அவர். இரு சொற்கள் சேரும்போது ஒன்றின் உருவம் மாறுவது போல, சுமை வந்து சேரும்போது பொருளின் உருவம் மாறுகிறது என்று சொன்னோம். 'தகைதல்' என்றால் தடுத்தல்; உள்ளே நின்று எதிர்ப்பதால் அது தகைவு என்றோம். அவர் முகம் தெளிந்தது. கலைச்சொல் கடினமானது என்று சொல்லுவோர் பலர். சொல்லின் வேரைக் காட்டாமல் சொல்லை மட்டும் நீட்டினால் எம்மொழியிலும் அது கடினமாகவே இருக்கும்.

இடர் வேறொரு பக்கமும் உண்டு. நூலில் பைஞ்சுதை, வேலை நடக்கும் இடத்தில் சிமெண்டு. நூலில் கற்காரை, அங்கே காங்கிரீட். நூலில் அடித்தளம், மேஸ்திரியின் வாயில் கடக்கால். இத்துறைக்கே குடிசார் பொறியியல், அமைப்பியல், கட்டுமானப் பொறியியல் என்று பல பெயர்கள். ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், சாரம் என்று வளமான சொற்கள் கொத்தனாரிடம் இருக்கின்றன. நூலாசிரியர்கள் அகராதியின் பக்கம் சென்ற அளவுக்குச் சாரத்தின் பக்கம் செல்லவில்லை என்பது நம் எண்ணம். வகுப்பறைத் தமிழும் வேலையிடத்துத் தமிழும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்துவிட்டன.

இதைப் பேசிக்கொண்டே ஒருநாள் அம்மாணவியோடும் அவருடைய வகுப்புத் தோழர்களோடும் திருமலைக்குச் சென்றோம். ஆரணிக்கும் போளூருக்கும் அண்மையில் உள்ள சமணத் தலம் அது. மலையடியில் இராசராசனின் தமக்கை பெயரால் வழங்கும் குந்தவை ஜினாலயம்; பாறையைத் துணையாகக் கொண்டு எழுப்பிய ஓவிய அறைகள்; மேலே ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் பாறையில் செதுக்கிய நேமிநாதர். இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு இங்குதான் உள்ளது. மன்னனின் வெற்றிகளை அடுக்கிவிட்டு, ஒரு வணிகரின் மனைவி இக்கோயிலில் விளக்கெரிக்கக் கொடுத்த கொடையையும் அது தமிழில் பதிவு செய்கிறது. கோயிலின் அடிப்பகுதியில் ஜகதி, குமுதம், பட்டிகை என்று உறுப்புகளைக் காட்டினோம். "இவை தமிழ்ச் சொற்களா?" என்றார் ஒரு மாணவர். வடசொற்கள்தாம். ஆயினும் இங்குள்ள சிற்பிகளின் வாயில் புழங்கிப் புழங்கி அவர்களுடையவை ஆகிவிட்டன. சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, உளி பிடித்தவனுக்கும் கணக்குப் போட்டவனுக்கும் அது பொதுச்சொல்லாக இருந்தது என்பதே பெரிது. கொடைக் கணக்கு கல்லில் நின்றுவிட்டது. கட்டியவர்களின் கணக்கு பெரும்பாலும் அவர்களோடே போய்விட்டது.

இந்தப் பொதுச்சொல் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை அம்மாணவியே பிறகு நமக்கு விளக்கினார். இருபுறமும் தாங்கப்பட்ட உத்தரத்தின்மேல் சுமை ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும், மேற்பக்கம் நெருங்கும். காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே முதன்மைக் கம்பி அடியில் இருக்க வேண்டும். ஆனால் சன்ஷேடு ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புடையது. மறுபக்கம் அந்தரத்தில் நிற்பதால் அங்கே இழுபடுவது மேற்பக்கம். கம்பியும் மேலே இருக்க வேண்டும். இதை அறியாமல் கம்பியைக் கீழே கட்டினாலோ, மேலே கட்டிய கம்பியைக் காங்கிரீட் போடுகையில் மிதித்துத் தாழ்த்திவிட்டாலோ, பலகையைப் பிரிக்கும் நாளிலோ பின்னொரு நாளிலோ அது ஆளின்மேல் விழும்.

பயிற்சிக்குச் சென்ற இடத்தில் கம்பி கட்டுபவரிடம் அவர் இதைச் சொன்னாராம். "எப்பவும் கீழதானே பாப்பா கட்டுவோம்" என்றாராம் அவர். "அண்ணா, கையை நீட்டி ஒரு குடத்தைத் தூக்கிப் பாருங்க. தோள்ல மேல்பக்கம் இழுக்குதா, கீழ்ப்பக்கமா?" என்று இவர் கேட்டிருக்கிறார். அவர் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கம்பியை அவிழ்த்து மேலே கட்டினாராம். நமக்குத் தெரிந்தவரை, தமிழ்வழிப் பொறியியலுக்கு இதைவிடச் சிறந்த வாதம் எதுவும் இல்லை. காரணம் அறிந்தவரிடமிருந்து கம்பி கட்டும் கைக்குக் காரணம் சென்று சேர வேண்டும். அது சேரும் மொழி தமிழ்தான்.

எனினும் மறுபக்கத்தை மறைப்பது அறமாகாது. காங்கிரீட் வேலைக்குரிய இந்தியத் தரவிதி, 2000இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 456, ஆங்கிலத்தில் இருக்கிறது. மேற்படிப்புக்கான கேட் தேர்வும் ஆங்கிலத்தில்தான். அம்மாணவி நேர்காணலுக்குச் சென்ற ஒரு நிறுவனத்தில், விடை சரியா என்று பார்ப்பதற்கு முன்பே எந்த வழியில் படித்தாய் என்று கேட்டு முகம் சுளித்தார்கள். 2023 மே மாதம், போதிய மாணவர் சேரவில்லை என்ற காரணத்தைக் காட்டி, 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகள் நிறுத்தப்படும் என்று அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது நன்று. ஆனால் மாணவர் ஏன் சேரவில்லை என்ற வினா அப்படியே நிற்கிறது. வாசலைத் தமிழில் வைத்துவிட்டு, உள்ளே எல்லா அறைகளுக்கும் ஆங்கிலத்தில் பூட்டுப் போட்டால் யார்தான் நுழைவார்?

முடியாத செயல் இது என்று நாம் கருதவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி நீரியல் அறிஞர். 'வாழும் வள்ளுவம்' நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தமிழறிஞரும் ஆவார். இரு துறைகளும் ஒருவர் உள்ளத்திலேயே கூடி இருக்க முடிந்தது.

இப்போது அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்றொரு தாள் இருக்கிறது. நெசவை முதல் அலகிலும் கட்டடத்தை இரண்டாம் அலகிலும் அது வைத்திருக்கிறது. தறிச் சத்தத்தில் வளர்ந்த ஆரணிப் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. தளத்தில் நீளவாட்டுக் கம்பியும் குறுக்குக் கம்பியும் கட்டப்பட்டிருப்பதைக் கண்டதும், "பாவும் ஊடையும் மாதிரி" என்று அம்மாணவி சொன்னார். தறிக்கும் நூல், கொத்தனார் பிடிப்பதும் நூல், நாம் படிப்பதும் நூல். மரத்தின் கோணலை நீக்கும் தச்சனின் நூலைப் போல மனத்தின் கோணலை நீக்குவதால்தான் நூலுக்கு அப்பெயர் என்று நன்னூல் விளக்கம் தருகிறது.

நமது வேண்டுகோள் எளியது. தமிழாசிரியர், பொறியியல் ஆசிரியர், மேஸ்திரி மூவரும் ஓரிடத்தில் அமர்ந்து, கடக்கால் முதல் மொட்டைமாடி வரை ஒவ்வொரு வேலைக்கும் வழங்கும் சொற்களைத் தொகுக்க வேண்டும். நூற்சொல்லும் வழக்குச்சொல்லும் ஆங்கிலச்சொல்லும் அதில் அடுத்தடுத்து நிற்கட்டும். மூன்றையும் அறிந்த மாணவருக்கு நேர்காணலிலும் அச்சமில்லை, சாரத்தின்மேலும் அச்சமில்லை. அம்மாணவியின் குறிப்பேட்டில் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் பக்கத்தில் எழுதியிருப்பது 'திரிபு'.