அறுக்கிற கல், அறுக்காத கல்

1/ மாயா நாகரிகம்னு சொன்னதும் பலருக்கு நரபலிதான் ஞாபகம் வரும். நரபலி இருந்தது, மறுக்கல. ஆனா அவங்க சடங்குக் கருவிகள் ராஜா, ராணி உடம்பையும் விட்டு வைக்கல. அது பத்தி ஒரு சின்ன இழை.

2/ மெக்சிகோவின் யாஷ்சிலான்ல கிடைச்ச ஒரு வாசல் மேற்கல் இப்போ பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கு. கி.பி. 709-ல் நடந்த சடங்கு அதில் செதுக்கப்பட்டிருக்கு. ராணி கபால் ஷோக் முள் கோத்த கயிற்றை நாக்குக்குள்ள விட்டு இழுக்கிறாங்க. ராஜா தீப்பந்தத்தோட பக்கத்துல நிக்கிறார். ரத்தம் ஊறின காகிதத்தை எரிச்சா, அந்தப் புகையில முன்னோர் வருவாங்கன்னு நம்பிக்கை.

3/ நாக்குல ரத்த ஓட்டம் அதிகம். குத்தினா கொட்டும், அதனாலேயே சீக்கிரம் ஆறவும் செய்யும். மரப்பு ஊசி இல்லாம இதை நினைச்சுப் பாருங்க.

4/ முள், திருக்கை மீனின் வால்முள், அப்புறம் அப்சிடியன். இந்த மூணும் ரத்தம் எடுக்கப் பயன்பட்டவை. அப்சிடியன்னா எரிமலைக் கண்ணாடி. குவாத்தமாலாவின் எல் சயால் மலைப்பகுதியில் கிடைக்கும். மெல்ல அழுத்திப் பிளந்து மெல்லிய அலகா எடுப்பாங்க. ஒரு மில்லிமீட்டரை 10 லட்சமா பிரிச்சா, அதில் சில பங்குதான் அதன் விளிம்பு!

5/ அமெரிக்கத் தொல்லியலாளர் டான் கிராப்ட்ரீ, 1975-ல் தன்னோட அறுவை சிகிச்சைக்கு, தானே செஞ்ச அப்சிடியன் கத்தியைப் பயன்படுத்த வெச்சார். 1993-ல் எலிகளில் ஒரு ஆய்வு: முதல் 2 வாரம் தழும்பு எஃகுக் கத்தியை விட மெலிசு. 21-ஆம் நாள் வித்தியாசமே இல்லை. அதோட இது கண்ணாடி. பக்கவாட்டில் அழுத்தினா உடையும், துணுக்கு உள்ளேயே தங்கலாம். தியேட்டர்ல எஃகே போதும்.

6/ இனி அறுக்காத கல். ஹோண்டுராஸின் கோபான்ல, ரோசலீலா கோயிலுக்குள்ள 9 சிக்கிமுக்கிக் கற்கள் கிடைச்சது. தீ நாக்கு மாதிரி நீண்டு, ஓரங்கள்ல மனித முகம். துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. ஒரு தட்டு தப்பினா மொத்த வேலையும் போச்சு. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சதை, எதையும் வெட்டாம உள்ளே வெச்சு மூடிட்டாங்க. மின்னல் விழுந்த இடத்துலதான் இந்தக் கல் பிறக்கும்னு மாயா நம்பிக்கை.

7/ கைதிகளோட ரத்தமும் சிந்தினதுதான். அழகுபடுத்திச் சொல்ல வேண்டாம். ஆனா ஆள்றவங்களும் வலியில பங்கு கொடுக்கணும்ங்கிறது அங்கே விதி. அடுத்த தடவை ஒரு கல் கத்தியைப் பார்த்தா, "எவ்வளவு கூர்?"னு மட்டும் கேட்காதீங்க. யார் உடம்புல பட்டதுன்னும் கேளுங்க.